காட்டுறதுதான் கேக்கணும்: நம்ம கடற்கரைச் சத்தத்தை வச்சு காணொளிப் பாட்டு கட்டுறது

#1 கரைச்சத்தம் (மண்டபம்)

இணையத்துல காணொளியாவே பாட்டுப் போடுறவங்க திறமையைப் பத்திப் பேச்செடுத்தா, அது கேமரா விலையிலயும் பார்வை எண்ணிக்கையிலயும் போய் நின்னுருது. அந்த வகைப் பாட்டுக்கு உயிர் கொடுக்கிறது ஒரு கட்டுப்பாடு, அதைப் பத்திதான் இந்த இழை.

அமெரிக்காவுல ஜாக் காண்ட்டேயும் நாட்டலி டானும் 2008ல ஆரம்பிச்ச பாம்பிளமூஸ் குழு, தங்க காணொளிப் பாட்டுகளுக்கு ரெண்டு விதி வச்சிருந்தாங்க. திரையில தெரியிற வாசிப்புதான் காதுல விழணும், வாயசைப்பு கையசைப்புன்னு பாவனை கூடாது. காதுல விழுற எந்தச் சத்தமும் பாட்டு முடியிறதுக்குள்ள ஒரு தடவையாவது திரையில வந்துறணும், ஒளிச்சு வச்ச சத்தம் கூடாது. ரெண்டே விதி. ஆனா இதை ஏத்துக்கிட்ட நிமிஷத்துலயே வேலை மாறிப்போகுது. பாட்டை முடிச்சிட்டுப் படம் தேடுற வழி அடைபட்டுப்போகும். எந்தச் சத்தம் கேக்கவும் பாக்கவும் தகுதியா இருக்குன்னு தேடி, அதுல இருந்துதான் பாட்டு கட்டணும்.

நம்ம கரையில அப்படித் தேடினா கிடைக்கிறது: வள்ளத்துக்குக் கலப்பத்து அடிக்கிற (பலகை இடுக்குல பஞ்சு திணிக்கிற) கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), சங்கு, ஈயக்குண்டு கட்டின வலை பலகையில இழுபடுறது, ஐஸ் உடைக்கிறது, நங்கூரச் சங்கிலி, காத்துல பனையோலை. மூணு நிமிஷப் பாட்டுக்கு இதுல ஆறு சத்தத்துக்கு மேல எடுக்கக் கூடாதுங்கிறது என் கருத்து. ஆறைத் தாண்டினா அது சத்தக் கண்காட்சியாப் போயிரும், பாட்டா நிக்காது. எந்த வரிசையில வேலை செய்யணும், எங்க கெடும், ஏன் கெடும்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. முதல் எதிரி காத்து, அதுலருந்தே ஆரம்பிக்கலாம்.

#2 உச்சிப்புளி ஒலி

காத்துச் சத்தம் மைக்குக்குள்ளதான் பிறக்குது. ஓடுற காத்து மைக் மேல முட்டிச் சுழல்றப்ப உண்டாகிற அழுத்த மாற்றத்தைத்தான் நாம 'பொட பொட'ன்னு கேக்குறோம். பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கும். பதிவாகி உச்சத்துல வெட்டுப்பட்டுட்டா அப்புறம் எந்த மென்பொருளும் காப்பாத்தாது. கீழ்சுரத்தை வடிகட்டினாலும் வெட்டுப்பட்ட இடத்துல கரகரப்பு மிஞ்சும். அதனால தடுப்பு மைக்குக்கு வெளியிலயே வேணும்.

கடைப் பஞ்சு உறை இளங்காத்துக்கு மட்டும்தான் தாங்கும். நம்ம கரைக்கு மைக்கைச் சுத்தி அசையாத காத்து ஒரு அடுக்கு இருக்கணும். சமையல்கட்டு கம்பி வடிகட்டி ரெண்டை வாயோடு வாய் சேர்த்து உருண்டையாக்கி, நடுவுல மைக்கை ரப்பர் வளையத்துல தொங்க விடுங்க. எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி. மேல 3, 4 செ.மீ. முடியுள்ள பொம்மைத் துணியைத் தைச்சுப் போடுங்க. துணியோட முதுகுப் பின்னல் வழியா ஊதிப் பாத்து வாங்கணும். மூச்சு போகாத ரப்பர் பூச்சுத் துணின்னா மேல்சுரம் செத்துரும்.

இன்னொண்ணு. ஒரே திசையில கேக்குற கார்டியாய்டு மைக் அழுத்த வேறுபாட்டுல இயங்குறதால காத்துக்கு ரொம்பப் பயப்படும். எல்லாத் திசையும் கேக்குற ஆம்னி மைக் அவ்வளவு பயப்படாது. சட்டையில குத்துற ஆம்னி மைக்கை முடித்துணிக்குள்ள வச்சு, சத்தம் பிறக்குற இடத்துக்கு ஒரு சாண் தூரத்துல வைங்க. விலை கூடின நீளக்குழாய் மைக்கை விட இந்த இடத்துல இது நல்லாவே வேலை செய்யும்.

#3 தொண்டி வத்தை

மைக் வாங்குறதுக்கு முன்னால நாள் பாக்கணும், கரை பாக்கணும்.

கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்கள்ல மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிப்பா இருக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வாடை (வடகிழக்குக் காத்து) வந்ததும் அப்படியே தலைகீழ். தனுஷ்கோடிப் பக்கம் ஆண்கடல், பெண்கடல்னு சொல்றது இதை வச்சுத்தான். பாம்பன் தீவுல இருக்கிறவங்களுக்கு ரெண்டு கரையும் கைக்கெட்டுற தூரம். ஒரு பக்கம் காத்தடிச்சா மறுபக்கம் போயிரலாம். எந்த மாசமானாலும் விடியிறதுக்கு முன்னாடி இருந்து வெயில் ஏறுற வரைக்கும்தான் நல்ல நேரம். தரை சூடானதும் கடற்காத்து எந்திரிச்சிரும்.

அடுத்தது இன்ஜின். விசைப்படகு தொழிலுக்குப் போற நாள்ல இறங்குதளத்துப் பக்கம் எந்தச் சின்னச் சத்தத்தையும் சுத்தமா எடுக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும், மராமத்து வேலையும் அப்பத்தான் நடக்கும். கொட்டாப்புளிச் சத்தமும் அமைதியான பின்னணியும் ஒண்ணா அமையிற காலம் இதுதான், வருஷத்துல வேற எப்பயும் இவ்வளவு தோதா அமையாது.

கலப்பத்துச் சத்தம் எடுக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. பலகை வள்ளத்துல வங்குக்கால் (உள்பக்க விலாக்கட்டை) மேல அடிச்சா கட்டைச் சத்தம், ரெண்டு வங்குக்காலுக்கு நடுவுல அடிச்சா முழக்கம். பஞ்சு இறுக இறுகச் சத்தம் மேல ஏறும். ஒரே மூட்டுல முதல் அடியில இருந்து கடைசி அடி வரைக்கும் விடாமப் பதிஞ்சா நாலஞ்சு சுரம் தானா கிடைக்கும். ஃபைபர் படகுல இது கிடைக்காது. அது 'தொம்'னு ஒரே சத்தம், அடித்தாளத்துக்கு வச்சுக்கிறலாம்.

#4 ஆறாங்கட்டை

மேலே சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். படைப்புத்திறன் சத்தத்தைச் சேகரிப்பதில் இருக்கிறது என்ற எண்ணம் மெல்ல உருவாகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த குட்டிமான் 2009இல் யூடியூபில் பிறர் ஏற்றியிருந்த துண்டுக் காணொளிகளை மட்டுமே வெட்டி ஒட்டி ஒரு முழுத் தொகுப்பை வெளியிட்டார். எங்கோ ஒருவர் பயிற்சிக்காக வாசித்த டிரம்ஸும், இன்னொரு கண்டத்தில் ஒருவர் தனியறையில் பாடிய வரியும் ஒரே பாட்டுக்குள் வந்தன. அவரிடம் இருந்தது காது. எது எதோடு சேரும் என்று அறிந்த காது.

கடற்கரைச் சத்தத்தை வைத்துச் செய்யும் பல காணொளிகள் தோற்பது இங்கேதான். முதலில் ஒரு தெரிந்த மெட்டை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு சங்கையும் சங்கிலியையும் மென்பொருளில் முறுக்கி அந்த மெட்டுக்குள் திணிக்கிறார்கள். மூன்று அரைச்சுரத்துக்கு மேல் ஏற்றியதும் சங்கு பிளாஸ்டிக் ஊதலாகிவிடுகிறது. சங்கின் குடைவினால் வரும் அதிர்வு அழுத்தங்கள் எல்லாமே சேர்ந்து மேலேறிவிடுவதுதான் காரணம். கண் பெரிய சங்கைப் பார்க்கிறது, காது சின்னப் பொருளைக் கேட்கிறது. கேட்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பமாட்டார்கள்.

சங்குக்குச் சுருதி சேர்க்காதீர்கள், சங்கோடு சுருதி சேருங்கள். கையில் இருக்கும் சங்கு என்ன சுரம் தருகிறதோ அதுவே பாட்டின் ஆதார சட்ஜம். மற்றவை அதற்கு இறங்கி வரட்டும்.

#5 சங்குத்துறை (கீழக்கரை)

ஐயா சொல்றது சரி. சங்குக்குள்ள போய்க் கொஞ்சம் எழுதுறேன்.

இந்தக் கரையில சங்குக்குளி சங்குதான், இடம்புரி. ஊதுறதுக்கு முனையை அறுக்கணும். துளை 15 முதல் 18 மி.மீ. விட்டம். அதுக்குக் குறைஞ்சா மூச்சு திணறும், கூடினா உதடு பிடிக்காது, சத்தம் காத்தா ஒழுகிரும். கொஞ்சமா அறுத்து ஊதிப் பாத்து, அரத்தால ராவிக்கிட்டே போகணும். முனையை அறுக்க அறுக்க உள்குழல் நீளம் குறையிறதால சுரம் ஏறும். ஏறினது இறங்காது. அதனால வேணுங்கிற சுரத்துக்குக் கொஞ்சம் கீழயே நிப்பாட்டுங்க. ராவுறப்ப தண்ணி ஊத்திக்கிட்டே ராவணும். சங்குத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, துணிமுகமூடி போதாது.

ஊதுறப்ப சங்கோட அகல வாய்க்குள்ள கையை விட்டா சுரம் இறங்கும். ஒரு அரைச்சுரம் வரைக்கும் நிதானமா இறக்கலாம், அதுக்கு மேல சத்தம் மங்கும். கமகம் மாதிரி இழைக்க இந்தக் கைதான் வழி. திரையிலயும் கை தெரியும்கிறதால விதிக்கும் பொருந்துது.

சுரம் அளக்கிற முறை: ஒரு நிமிஷம் விட்டு விட்டு ஊதிச் சங்கை உள்ளுக்குள்ள சூடாக்குங்க. குளிர்ந்த சங்கு கீழ நிக்கும், மூச்சுச் சூட்டுல மேல ஏறும். அப்புறம் அஞ்சு நொடி ஒரே சீரா ஊதி, முதல் நொடியையும் கடைசி நொடியையும் விட்டுட்டு நடுவுல டியூனர் காட்டுறதைக் குறிச்சுக்கோங்க.

#6 உச்சிப்புளி ஒலி

சங்குத்துறை காக்கா (அண்ணன்) சொன்ன அளவை எப்படிப் பயன்படுத்துறதுன்னு கணக்கு. டியூனர்ல சங்கு எஃப் ஷார்ப்புக்கு 20 சென்ட் (ஒரு சென்ட்ங்கிறது அரைச்சுரத்துல நூத்துல ஒரு பங்கு) கீழ நிக்குதுன்னு வைங்க. சங்கைத் தொட வேணாம். மென்பொருள்லயும் கீபோர்டுலயும் அடிப்படை ஏ சுரத்தை 440ல இருந்து 435 ஹெர்ட்ஸுக்கு மாத்துங்க, தம்புரா செயலியிலயும் அதே 20 சென்ட். எல்லாமே சங்கோட நிக்கும். நேரடியா வாசிக்கிற ஹார்மோனியம் மட்டும் சேராது, ரீடை அங்க அங்க மாத்த முடியாது. வயலின், குரல் பிரச்சினை இல்ல.

#7 பட்டறை (ராமநாதபுரம்)

தாளத்துக்கு எழுதிட்டீங்க, சுரத்துக்குச் சங்கு ஒண்ணுதான் இருக்கு. இரும்புக்குழாய்ல ஒரு வரிசை செஞ்சா மெட்டு வாசிக்கலாம், படகு மராமத்துப் பட்டறையில துண்டுக் குழாய் எப்பவும் கெடக்கும்.

ரெண்டு முனையும் கட்டில்லாத குழாயோட அதிர்வு எண், நீளத்தோட இருமடிக்கு எதிரா மாறும். நீளத்தைப் பாதியாக்கினா ஒரு ஸ்தாயி இல்ல, ரெண்டு ஸ்தாயி ஏறும். புதுசா செய்யிறவங்க தப்பு விடுற இடம் இதுதான், புல்லாங்குழல் கணக்கை இங்க போட்டுருவாங்க. ஒரு ஸ்தாயிக்கு நீளம் 0.707 மடங்கு, ஒரு அரைச்சுரத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் குறைக்கணும்.

மோகனத்துக்கு அளவு: ச 40 செ.மீ., ரி 37.8, க 35.6, ப 32.7, த 30.8, மேல் ச 28.3. ஒரே குழாய்ல இருந்து வெட்டின துண்டா இருக்கணும். சுவர் கனம் மாறினா இந்த அளவு பொய்யாயிரும். ஒரு அங்குல ஜி.ஐ. குழாய்ல 40 செ.மீ. துண்டு 1,100, 1,200 ஹெர்ட்ஸ் பக்கம் கேக்கும், அதாவது நல்ல உச்சம். ஒரு ஸ்தாயி கீழ வேணும்னா ச துண்டை 56.6 செ.மீ. எடுத்து மத்ததையும் அதே விகிதத்துல நீட்டுங்க.

குழாயைத் தாங்குற இடம் ரொம்ப முக்கியம். ரெண்டு முனையில இருந்தும் நீளத்துல 22.4 சதவீதம் உள்ள தள்ளித்தான் அதிராத இடம் இருக்கு. 40 செ.மீ. துண்டுக்கு 9 செ.மீ., 28.3க்கு 6.3. அங்க நைலான் வலைக்கயிறைக் கட்டித் தொங்க விடுங்க, இல்லேன்னா பழைய மிதவைத் துண்டு மேல வைங்க. வேற இடத்துல தாங்கினா 'டக்'னு செத்த சத்தம்தான் வரும், குழாயைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

எல்லாத் துண்டையும் 3 மி.மீ. கூட வெட்டி, பிசிறை அரத்தால எடுத்துட்டு, ராவி ராவி மேல ஏத்துங்க. தவறி ஏறிப்போச்சுன்னா குழாயோட நடுப்பகுதியில கொஞ்சம் ராவினா சுரம் இறங்கும். ஆனா அந்த இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

இன்னொரு நல்ல பொருள் நம்ம மாவட்டத்துல மூட்டை மூட்டையாக் கெடக்கு, சீமைக்கருவேலக் கரி. மூட்டத்துல நல்லா வெந்த கரியைத் தட்டினா கணீர்னு ஒலிக்கும், அரைவேக்காட்டுக் கரி 'தப்'னு கேக்கும். வடிவம் கோணல்மாணலா இருக்கிறதால அளவுக்கு வெட்டிச் சுரம் கொண்டு வர முடியாது. குவியல்ல தட்டித் தட்டி, கிடைக்கிற சுரத்தைப் பொறுக்கணும். மேல சொன்ன ஆறு சத்தப் பட்டியல்ல இது இல்லாதது குறை.

#8 கரைச்சத்தம்

பட்டறை அண்ணே, ஐஸை எடுத்துட்டுக் கரியைச் சேத்துக்கிறேன். ஐஸ் உடைக்கிற சத்தத்துல மேல்சுரம் அதிகம், வலை ஈயக்குண்டும் அதே இடத்துலதான் கேக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மறைக்கும்.

அடுத்து, படத்தையும் சத்தத்தையும் பொருத்துறது.

#9 ஃப்ரேம்25

வேகத்தை முதல்லயே ஃப்ரேம் கணக்குல முடிவு பண்ணுங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

நொடிக்கு 25 ஃப்ரேம்ல எடுக்கிறீங்கன்னா ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி. ஒரு அடிக்கு எத்தனை ஃப்ரேம்கிறது முழு எண்ணா வரணும். நிமிஷத்துக்கு 100 அடின்னா அடிக்கு 15 ஃப்ரேம், 125ன்னா 12. 96ன்னு வச்சா 15.625 வரும், ஒவ்வொரு வெட்டும் கொஞ்சம் கொஞ்சமா நழுவி, திரையைப் பிரிச்சு நாலஞ்சு கட்டம் ஒண்ணா ஓடுறப்ப சோம்பலாத் தெரியும். கலப்பத்து அடிக்கிறவர் கைவேகம் 96 பக்கம் இருந்தா 93.75ஐ எடுங்க. அடிக்கு 16 ஃப்ரேம், கால் அடிக்கு 4.

அது சதுஸ்ரத்துக்கு (அடியை நாலாப் பிரிக்கிற நடை). திஸ்ர நடைன்னா (மூணாப் பிரிக்கிறது) 16 மூணால வகுபடாது. 100ல 15 ஃப்ரேம், மூணுக்கு அஞ்சஞ்சு, சரியா விழும். துடுப்புப் பாட்டு நிதானத்துக்கு 62.5 ரொம்பப் பொருத்தம். அடிக்கு 24 ஃப்ரேம், மூணாலயும் நாலாலயும் எட்டாலயும் வகுபடும். ஒரே பாட்டுக்குள்ள நடை மாத்துறவங்களுக்கு இதைத்தான் சிபாரிசு பண்ணுவேன்.

போன்ல எடுக்கிறவங்களுக்கு: போன் கேமரா வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃப்ரேம் வேகத்தை ஏத்தி இறக்கும். எடிட்டிங்ல போட்டதும் தொடக்கம் பொருந்தும், நடுவுல விலகும், கடைசியில வேற எங்கயோ இருக்கும். ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருள்ல 'மாறாத ஃப்ரேம் வேகம்'னு மாத்திட்டுத்தான் எடிட்டிங்குக்குள்ள விடணும். ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸ்ல வைங்க. 44.1ல பதிஞ்சதை 48ன்னு தப்பாப் படிச்சா ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறி வேகமா ஓடும், சங்குச் சுருதி பாத்ததெல்லாம் வீணாயிரும்.

படத்தையும் சத்தத்தையும் பொருத்த அடையாளமாத் தட்டுற கைத்தட்டல் தொடக்கத்துல மட்டும் பத்தாது, முடிவுலயும் ஒண்ணு. ரெண்டு கருவியோட கடிகாரமும் ஒத்துப்போகாது. லட்சத்துக்கு அஞ்சு பங்கு வித்தியாசம்னாலும் பத்து நிமிஷத்துல 30 மில்லிநொடி ஆயிரும்.

அப்புறம் தூரம். 30 டிகிரி வெயில்ல ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். 35 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா சத்தம் 100 மில்லிநொடி பிந்தும், அது ரெண்டரை ஃப்ரேம். கேமரா எங்க வேணா நிக்கட்டும், மைக் அடிக்கிற இடத்துல இருக்கணும். பொருத்துறப்ப சந்தேகம் வந்தா சத்தத்தை முந்த விடாதீங்க. சத்தம் 45 மில்லிநொடி முந்தினாலே ஆளுங்க கண்டுபிடிச்சிருவாங்க, பிந்துறதை 125 வரைக்கும் தாங்குவாங்க. இடி, தூரத்து வெட்டுச் சத்தம்னு வாழ்க்கையிலயே சத்தம் பிந்தித்தான் வருது, காது அதுக்குப் பழகியிருக்கு.

#10 வாலிநோக்கம்

ஒரு கேள்வி. முதல் தடத்தைக் காதுல கேட்டுக்கிட்டே ரெண்டாவது தடத்தை வாசிக்கிறப்ப எல்லாமே பின்தங்கிப் பதியுது. ப்ளூடூத் இயர்போன். அதுவா காரணம்?

#11 ஃப்ரேம்25

அதேதான் தம்பி. ப்ளூடூத்ல 150, 200 மில்லிநொடி சாதாரணமாத் தாமதமாகும். வயர் இயர்போன் போடுங்க, ஒரே காதுல, சத்தம் குறைச்சு. இல்லேன்னா தாள 'டிக்' மைக்குல கசியும். அந்தக் கசிவை அப்புறம் எடுக்கவே முடியாது.

#12 உச்சிப்புளி ஒலி

தொடுமைக் பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. காத்தே கேக்காத மைக் அதுதான். 27 மி.மீ. பீசோ வில்லையை (அதிர்வை மின்சாரமா மாத்துற தட்டு) எலக்ட்ரானிக் கடையில கேளுங்க, பத்து இருபது ரூபாய்ச் சாமான். நங்கூரக் கயிறு கட்டுற கட்டை, பாய்மரம், குழாய் தாங்கி, எதுல ஒட்டினாலும் பொருளோட அதிர்வை மட்டும் எடுக்கும்.

ஆனா நேரா போன்ல சொருகினா தகரச் சத்தம்தான் வரும். காரணம்: வில்லை ஒரு மின்தேக்கி, 20 நானோஃபாரடு பக்கம். அது நுழைவு மின்தடையோட சேந்து கீழ்சுரத்தை வெட்டும். போன் மைக் நுழைவு 2 கிலோஓம் பக்கம், அதுல 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் தேய்ஞ்சிரும். 10 கிலோஓம்னா 800. 1 மெகாஓம்னா 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் முழுசா வரும். ஆடியோ இன்டர்ஃபேஸ்ல கிட்டாருக்குன்னு இருக்கிற நுழைவு 1 மெகாஓம்தான், அதுல சொருகுங்க. பற்றவைக்கிறப்ப வெள்ளிப்பூச்சுல ரெண்டு நொடிக்கு மேல சூடு காட்டக் கூடாது, பூச்சு உரிஞ்சு வந்துரும். உறையுள்ள வயர் போடலேன்னா 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும்.

இதையே அரால்டைட் பசையில மூழ்கடிச்சு, வயர் நுழையிற இடத்தையும் அடைச்சுட்டா நீருக்குள்ள இறக்கலாம். பவளப்பாறைப் பக்கத்து ஆழமில்லாத தண்ணியில எண்ணெய்ல கடுகு பொரியிற மாதிரி ஒரு சத்தம் ஓயாம இருக்கும். சொடுக்கு இறால். கொடுக்கைப் படக்னு மூடுறப்ப உண்டாகிற குமிழி உடையிற சத்தம் அது. 2 கிலோஹெர்ட்ஸ்ல இருந்து 20க்கு மேல வரைக்கும் பரவியிருக்கும். ஷேக்கர் இருக்க வேண்டிய இடத்துல அப்படியே உக்காரும்.

#13 ஆறாங்கட்டை

ஒலி அருமை. ஆனால் முதல் பதிவில் வைத்த விதி என்னாவது? இறாலைத் திரையில் காட்டப் போவதில்லை. காட்டாத சத்தம் ஒளித்த சத்தம்தானே?

#14 கரைச்சத்தம்

நியாயமான கேள்வி ஐயா. மைக் தண்ணிக்குள்ள இறங்குறதைக் காட்டணும். அது நீரைத் தொடுற ஃப்ரேம்லயே இறால் சத்தம் தொடங்கணும், மேல தூக்குற ஃப்ரேம்ல நிக்கணும். சத்தம் எங்கருந்து வருதுன்னு பாக்குறவங்களுக்குச் சந்தேகமில்லாமத் தெரிஞ்சா விதி காப்பாத்தப்பட்டதா எடுத்துக்கிறேன். ஆனா பாட்டு முழுக்கப் பின்னணியில ஓட விட்டுட்டு ஒரு நொடி மட்டும் காட்டுறதை ஏத்துக்க மாட்டேன்.

இதுல படைப்புக்கு லாபமும் இருக்கு. மைக்கை இறக்குறதும் தூக்குறதும் தாளத்துல விழுந்தா அதுவே ஒரு வாசிப்பு. பனையோலைக்கும் இதே வழிதான், காத்து நம்ம சொல் கேக்காது. ஆனா ஓலையைக் கையால பிடிச்சு நிறுத்துறதும் விடுறதும் நம்ம கையில இருக்கு.

#15 ஆறாங்கட்டை

ஏற்கிறேன். இறக்குவதைத் தாளத்தில் வைப்பது நல்ல தீர்வு. அதே அளவுகோலை அடிகளுக்கும் வையுங்கள். ஒரே கொட்டாப்புளி அடியை வெட்டி அறுபது முறை ஒட்டுவதும் பாவனைதான். கண் ஒரே கை ஒரே கோணத்தில் விழுவதைக் கண்டுகொள்ளும், காது அதற்கு முன்பே கண்டுகொள்ளும். ஒவ்வொரு சத்தத்துக்கும் மெல்லிய அடி, நடு அடி, ஓங்கிய அடி, ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு பதிவு. தாளச் சுற்றின் முதல் எண்ணிக்கைக்கு ஓங்கியது, மற்றவற்றுக்கு மாற்றி மாற்றி. முடிந்தால் எட்டு அட்சரத்தை ஒரே மூச்சில் வாசித்து அந்த முழுத்துண்டையும் பயன்படுத்துங்கள். மனிதக் கையின் சிறு ஏற்ற இறக்கம் அதில்தான் கிடைக்கும்.

#16 சங்குத்துறை

கடற்கரையில எதை எடுக்கக் கூடாதுன்னும் ஒருத்தர் சொல்லணும். ஒதுங்கிக் கெடக்கிற பவளக்குச்சியைத் தட்டினா பீங்கான் மாதிரி இனிமையா ஒலிக்கும், ஆசை வரும். வேணாம். 2001ல இருந்து பாறை கட்டுற பவளம் எல்லாமே வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. செத்ததும் சேத்திதான். காணொளியில கையில வச்சுக் காட்டினா அதுவே சாட்சி. மன்னார் வளைகுடாத் தீவு 21லயும் வனத்துறை அனுமதியில்லாம இறங்கக் கூடாது.

ட்ரோன் பறக்க விடுறதுக்கு முன்னாடி அரசோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தைப் பாத்துக்கோங்க. உச்சிப்புளியில கடற்படை விமானதளம் இருக்கு, எல்லையும் பக்கம்.

அம்பாப் பாட்டு (மீனவர் வேலைப் பாட்டு) பாடத் தெரிஞ்ச பெரியவங்க குரலை எடுக்கிறவங்க, முழுக் காணொளியை அவங்ககிட்டக் காட்டிச் சம்மதம் வாங்கிட்டு ஏத்துங்க, பேரைப் போடுங்க, வருமானம் வந்தா பங்கு கொடுங்க. ஒப்பாரியை அழகா இருக்குன்னு வெட்டித் தாளத்துக்கு ஒட்டுறதை நான் எந்தக் காரணத்துக்கும் ஒத்துக்க மாட்டேன்.

#17 பட்டறை (ராமநாதபுரம்)

பாம்பன் பாலத்தை யாரும் எடுக்கலையா? 1914ல திறந்த பழைய பாலத்தோட தூக்கை ஆளுங்க கையால சுத்தித்தான் திறந்தாங்க. அந்தப் பல்சக்கரச் சத்தம் மாதிரி ஒரு தாளம் கிடைக்காது.

#18 தொண்டி வத்தை

அது இனி நேர்ல கிடைக்காதுண்ணே. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப்பாலம் செங்குத்தா மேல ஏறுற தூக்கு, மோட்டார்ல இயங்குது. பழைய சத்தம் வேணும்னா முன்னாடி பதிஞ்சு வச்சிருக்கிறவங்ககிட்ட அனுமதி கேட்டுத்தான் வாங்கணும், அவங்க படத்தோட சேத்தே வாங்கணும், விதிப்படி. ரயில்வே இடத்துக்குள்ள மைக் ஒட்டுறதெல்லாம் நடக்காது. சாலைப் பாலத்து மேல இருந்து எடுத்தா வண்டிச் சத்தம்தான் மிஞ்சும்.

#19 உச்சிப்புளி ஒலி

கடைசிக் கட்டம், கலவை. பாக்குறவங்க பெரும்பாலும் போன் ஒலிபெருக்கியிலதான் கேப்பாங்க. அதுல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஏறக்குறைய எதுவும் வராது. ஃபைபர் படகு 'தொம்' ஹெட்போன்ல மலையா நிக்கும், போன்ல காணாமப் போகும். அதோட ஒரு நகலை எடுத்து மென்மையா சாச்சுரேஷன் (மேலதிர்வைக் கூட்டுற லேசான சிதைவு) கொடுத்து, 300ல இருந்து 800 வரைக்கும் உள்ள மேலதிர்வுகளை லேசாக் கலந்தா காது அடிச்சுரத்தைத் தானா ஊகிச்சுக்கும். ஈக்வலைசர்ல கீழ்சுரத்தை ஏத்திப் பிரயோஜனம் இல்ல, இல்லாத ஒலிபெருக்கிக்கு ஏத்துறதுதான் அது.

பதியிறப்ப 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம. கொட்டாப்புளி அடி மீட்டர் காட்டுறதை விட வேகமா ஏறும். முடிச்சு ஏத்துறப்ப சராசரி ஒலியளவு மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்., உச்சம் மைனஸ் 1. யூடியூப் அதுக்கு மேல இருக்கிறதை இறக்கும், கீழ இருக்கிறதை ஏத்தாது. சத்தமா இருக்கட்டும்னு நசுக்கி ஏத்தினா அவங்க இறக்கிருவாங்க, நசுங்கினது மட்டும் மிஞ்சும்.

#20 வாலிநோக்கம்

திரையை எத்தனை கட்டமாப் பிரிக்கலாம்? ஆறு சத்தத்துக்கும் ஆறு கட்டம் போட்டா போன்ல சின்னதாத் தெரியுது.

#21 ஃப்ரேம்25

ஒரே நேரத்துல நாலுக்கு மேல வேணாம். போனை நிமித்திப் பாக்குறவங்களுக்கு மேல கீழ ரெண்டே கட்டம். அடித்தாளம் எப்பவும் ஒரே மூலையில இருக்கட்டும், இடம் மாத்தினா கண்ணு அதைத் தேடிக்கிட்டே பாட்டை விட்டுரும். புதுச் சத்தம் முதல் தடவை வர்றப்ப முழுத்திரை கொடுங்க, ஒரு தாளச் சுற்று, 93.75 வேகத்துல எட்டு அடின்னா 128 ஃப்ரேம். அப்புறம் கட்டத்துக்குள்ள சுருக்குங்க. ஒரு தடவை முழுசாப் பாத்த சத்தத்தைக் கட்டம் சின்னதானாலும் கண்ணு அடையாளம் பிடிச்சிரும். ட்யூப்லைட், எல்.ஈ.டி. வெளிச்சத்துல எடுத்த துண்டு இருந்தா ஷட்டர் 50ல ஒரு பங்கு இல்ல 100ல ஒரு பங்கு, இல்லேன்னா அந்தக் கட்டம் மட்டும் மினுங்கும்.